விக்கல் என்னுடையது

ஜூலை 14, திங்கள்

வக்கீல் ரெஹானா பேகம் சொன்னதால் இதை எழுதுகிறேன். "இன்னிலேருந்து நடக்கறதை எல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க சார். நாளைக்கு கோர்ட்ல கேட்டா தடுமாறக் கூடாது" என்றார். நான் தடுமாறுகிற ஆள் இல்லை என்றேன். அதையும் எழுதி வையுங்கள் என்றார். எழுதிவிட்டேன்.

என் பெயர் ஜெயசிம்மன். இசையமைப்பாளர். வளசரவாக்கத்தில் வீடு, மாடியில் ஸ்டூடியோ. இருபது வருடமாகப் படங்களுக்குப் பாட்டுப் போடுகிறேன். இத்தனை வருடத்தில் "இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்று என் முகத்துக்கு நேராக ஒருவர் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னாலும் சொன்னதில்லை. பொங்கலுக்கு வந்த என் 'ஈரச்சட்டை' பாட்டைக் கேட்காத காது தமிழ்நாட்டில் இருந்தால் அதை டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

அந்தப் பாட்டின் உயிர் பல்லவியின் இரண்டாவது வரி. 'கொடியில காயுது ஒன் சட்ட, கூடவே காயுது என் மனசு.' மெட்டு மேலிருந்து இறங்கி வரும். 'மனசு' என்ற சொல்லுக்கு முன்னால் குரல் சட்டென்று அறுந்து, கண் சிமிட்டும் நேரம் காணாமல் போய், மேலேயிருந்து வந்து அந்தச் சொல்லைப் பிடிக்கும். மக்கள் அதற்கு 'விக்கல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டோக்காரர் விக்குகிறார், பள்ளிப் பிள்ளைகள் விக்குகிறார்கள், போனைத் திறந்தால் ஊரே விக்கிக்கொண்டிருக்கிறது. அவனுடைய சட்டையைக் கொடியில் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு ஒரு துடிப்பு தவறுகிறது, அதைத்தான் மெட்டில் வைத்தேன் என்று டிவி பேட்டியில் விளக்கியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பிரகதீஷின் படம் வந்தது. ஆறு வருடம் என்னிடம் உதவியாளனாக இருந்தவன். அதில் 'சாவி எங்க வச்ச' என்று ஒரு பாட்டு. சலூனில் பாதி ஷேவிங்கில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். 'வீடு முழுக்கத் தேடிட்டேன், ஒன்கிட்ட இருக்குது என் சாவி.' 'சாவி'க்கு முன்னால் அதே அறுப்பு, அதே இடைவெளி, மேலேயிருந்து அதே பிடி. நான் எழுந்த வேகத்தில் கன்னத்தில் வெட்டுக்காயம். அதையும் வழக்கில் சேர்க்க முடியுமா என்று ரெஹானாவிடம் கேட்டேன். முடியாதாம்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பிளம்பருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

நோட்டீஸ் போய்விட்டது. பிளம்பர் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

பதில் நோட்டீஸ் வந்தது. படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன், மறுபடி படித்தேன். அவன் பாட்டு ஒலிப்பதிவாகி இரண்டு வருடம் ஆகிறதாம். படம் பெட்டிக்குள் முடங்கிக் கிடந்து இப்போதுதான் வெளியே வந்ததாம். ஆகவே திருடியது நானாம்! என் சோற்றைத் தின்று என் ஆர்மோனியத்தில் கை பழகியவன் என்னைத் திருடன் என்கிறான்.

வசுமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அந்த வேலையை விடுவதில்லை. இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள்.

"ஏங்க, மத்த இடமெல்லாம் ரெண்டும் வேற வேறதானே? அந்த ஒரு இடம்தான் ஒண்ணு."

"அந்த ஒரு இடம்தான் பாட்டே."

"ரெண்டு பேருக்கும் வேற எங்கிருந்தாவது வந்திருக்கலாம்ல?"

"எங்கிருந்து வரும்? மெட்ரோ வாட்டர் லாரியிலயா?"

"அதுவும் வரலையே" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

ஜூலை 27, ஞாயிறு

எந்தத் தேதியில் மெட்டுப் போட்டேன் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார் ரெஹானா. அது ஒரு பிரச்சினையே இல்லை. பாட்டுக்கு வார்த்தை வருவதற்கு முன்னால் 'தான தன்ன' என்று நானே பாடி போனில் பதிந்து பாடலாசிரியருக்கு அனுப்புவது வழக்கம். பழைய போனைத் தேடியெடுத்து, சார்ஜர் தேடி, உயிர் கொடுத்து, கண்டுபிடித்தேன். 'ஈரச்சட்டை' மெட்டு. என் குரல். வசுமதியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன்.

இரண்டு தடவை கேட்டாள். "அந்த இடத்துல நேராத்தானே இறங்கிப் போறீங்க? விக்கலையே?"

பழைய போனின் மைக் மட்டமானது. நுணுக்கங்கள் எல்லாம் அதில் பதியாது. தவிர அன்றைக்கு எனக்கு ஜலதோஷமாகவும் இருந்திருக்கலாம். இந்த அளவுக்குத் தரம் குறைந்த பதிவைக் கொடுத்து வக்கீலின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். போனை பீரோவில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போன் பதிவு கிடைக்கவில்லை என்றால் சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார் ரெஹானா. உண்டே! ஹெப்சிபா இருக்கிறாள்.

கோர்ட்டில் இருப்பவர்களுக்குப் புரிவதற்காக எழுதுகிறேன். பெரிய பாடகி வந்து பாடுவதற்கு முன்னால், பாட்டை முழுசாக ஒருவர் பாடிக் கொடுப்பார். அதற்கு ட்ராக் என்று பெயர். பெரிய பாடகி அதைக் கேட்டுப் பழகி, வரிவரியாக, ஒரு சொல் பிசகினால் அந்தச் சொல்லை மட்டும் திரும்பப் பாடி, நாள் முழுக்க எடுத்துக்கொண்டு பாடுவார். பிறகு ட்ராக் குரலை எடுத்துவிடுவோம். ஹெப்சி என்னிடம் பதினோரு வருடமாக ட்ராக் பாடுகிறாள். நாகர்கோவில் பக்கம், சர்ச் பாடகர் குழுவில் இருந்து வந்தவள். தங்கமான பிள்ளை. என் ஸ்டூடியோவில் ட்ராக்குக்கு ஒரே டேக்தான். தப்பு வந்தாலும் நிறுத்தாமல் பாடி முடிக்க வேண்டும். எப்படியும் அழிக்கப்போகிற குரலுக்கு எதற்கு நேரம்? 'ஈரச்சட்டை'யையும் அப்படித்தான் பாடினாள். அதைப் பாடிய பம்பாய்ப் பாடகிக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் காது அபாரம். ட்ராக்கில் ஹெப்சி இருமியிருந்தால் அந்த அம்மாவும் அதே இடத்தில் இருமியிருப்பார்.

ஹெப்சிக்குப் போன் செய்தேன்.

"சார், நான் பிரகதீஷ் சாருக்கும்தான் ட்ராக் பாடறேன். பரவாயில்லயா?"

"யாரு யாருக்கு வேணா பாடலாம்மா. என் ஸ்டூடியோவுல நடந்ததைச் சொன்னாப் போதும்."

"பார்த்ததச் சொல்லவா, பாடினதச் சொல்லவா சார்?"

"எல்லாத்தையும் சொல்லு. உண்மை நம்ம பக்கம்."

"எல்லாத்தையுமா சார்?" என்று கேட்டாள். பிறகு "சரி சார்" என்றாள். கோர்ட் என்றாலே பயம்தான் பாவம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருவில் கொடியேற்றம். மிட்டாய் வாங்க நின்ற பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கூட்டமாக விக்கிக் காட்டினார்கள். சிரித்துக்கொண்டே கையசைத்தேன்.

தயாரிப்பாளர் தாமோதரன் பேசினார். அவருடைய பெரிய படத்துக்கு நான்தான் என்று போன மாதமே வாக்குக் கொடுத்தவர். இன்று குரலில் ஒரு தயக்கம். "ஜெயசிம்மன், தீபாவளிக்கு அப்புறம் பூஜை போடறோம். அதுக்குள்ள அந்த விவகாரத்தை முடிச்சுட்டு வாங்க. திருட்டு மெட்டுன்னு யாராவது போஸ்டர்ல சாணி அடிச்சா நமக்கு அசிங்கம்." நமக்கு என்றுதான் சொன்னார், உங்களுக்கு என்று சொல்லவில்லை. நல்ல மனிதர்.

கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. எழுதி வைக்கச் சொன்னதால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வழக்குக்குப் போவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசிப் பார்க்கும்படி சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். முதல் அமர்வு இன்று. சமரசம் பேசுபவர் தணிகைவேல் என்ற மூத்த வழக்கறிஞர். சட்டைப்பையில் மூக்குப்பொடி டப்பா. மேசைக்கு அந்தப் பக்கம் பிரகதீஷ். உடம்பு போட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டான். அப்புறம் ஞாபகம் வந்து உட்கார்ந்தான்.

இரண்டு தரப்பும் சாட்சியின் பெயரைக் கொடுக்கச் சொன்னார். நாங்கள் ஒரு பெயர் கொடுத்தோம், அவர்கள் ஒரு பெயர் கொடுத்தார்கள். தணிகைவேல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ரெண்டு பேரும் ஒரே அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கீங்க. ஹெப்சிபா ஜெயசீலி."

பிரகதீஷ் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே வந்ததும் ரெஹானா, "சார், எங்கிட்ட சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். உண்மை ஒன்றுதான், அதனால் சாட்சியும் ஒன்றுதான் என்று சொன்னேன். நான் சொன்னதிலேயே நல்ல வசனம் அது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஹெப்சிக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சர்ச்சில் இருப்பாள்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹெப்சி நேரத்துக்கு வந்தாள். பச்சை நூல்சேலை, கையில் குடை. என் பக்கமும் உட்காராமல் அவன் பக்கமும் உட்காராமல், தணிகைவேலுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் அவள் என் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஸ்டூடியோவில் மைக் முன்னால் நிற்பாள், முடிந்ததும் கிளம்பிவிடுவாள்.

"சொல்லுங்கம்மா. அந்த விக்கலை முதல்ல போட்டது யாரு?" என்றார் தணிகைவேல்.

"யாரும் போடல சார். அது நான் மூச்சு வாங்கற இடம்."

தணிகைவேல் எழுதுவதை நிறுத்தினார்.

"ஜெயசிம்மன் சார் சொல்லிக் குடுத்த மெட்டு இது" என்று சொல்லிவிட்டு இரண்டாவது வரியைப் பாடினாள். நேராக இறங்கிப் போனது. என் பழைய போனில் இருப்பதுபோலவே. "ட்ராக்குக்கு ஒரே டேக்தான் சார். நடுவுல நிறுத்த விடமாட்டாங்க. முதல் வரியும் நீளம், ரெண்டாவது வரியும் நீளம். பாதியிலயே நெஞ்சு காலியாயிரும். கடைசிச் சொல்லுக்கு முன்னால வெட்டி, ஒரு வாய் மூச்சு இழுத்துட்டு, விட்ட எடத்த மேலேருந்து புடிப்பேன்." மறுபடி பாடினாள். விக்கியது. ஊரே விக்குகிற அதே விக்கல். அந்தச் சின்ன அறையில், எந்த வாத்தியமும் இல்லாமல்.

பிறகு பிரகதீஷின் பாட்டைப் பாடினாள். அதுவும் முதலில் நேராக, அப்புறம் மூச்சோடு.

"அழிக்கிற குரல்தானேன்னு நானும் கவலப்படல. ஆனா பிரகதீஷ் சார் பாட்டப் பாடினவங்களும் அந்த பம்பாய் அம்மாவும் மூச்சையும் சேர்த்துப் பாடிட்டாங்க. ஈரச்சட்டை பாட்டு ஓடிருச்சு. அப்புறம் சார் டிவில நெஞ்சுத் துடிப்புன்னாங்க. நான் வீட்ல எம்புள்ளைங்ககிட்ட, அது நெஞ்சு இல்ல, நுரையீரல்னு சொன்னேன்."

தணிகைவேல் பொடி டப்பாவைத் திறந்தவர் போடாமலே மூடினார். "அப்போ இவங்க ரெண்டு பேருல திருடினது யாரு?"

"ரெண்டு சாருமே திருடல. ரெண்டு சாருமே அவசரப்பட்டாங்க."

கடைசியில் தணிகைவேல்தான், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக வந்தவள் இல்லை என்பது அவள் முழித்ததில் தெரிந்தது. சேலை முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"ரெண்டு பாட்டுலயும் எம்பேரு வரணும். அப்புறம்..." என்னைப் பார்த்தாள். "ஒரு பாட்டு பாடணும் சார். அழிக்காத பாட்டு. பெரிய பாடகிங்களுக்கெல்லாம் குடுக்கற மாதிரி ஒரு நாள் முழுக்க நேரம் குடுத்து, வரிவரியா."

மூச்சுக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது என்று ரெஹானா என் காதில் சொன்னார். பிரகதீஷின் வக்கீலும் அவன் காதில் அதையே சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை.

கேன்டீனில் ஒரே மேசைதான் காலியாக இருந்தது. பிரகதீஷ் பஜ்ஜித் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். பழையபடி காரச் சட்னியை என் பக்கம் தள்ளினான்.

"ட்ராக்குக்கு ஒரே டேக் போதும்டான்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க ண்ணா. என் ஸ்டூடியோவுலயும் இன்னி வரைக்கும் அதான் ரூல்."

"நான் சொல்லிக் குடுத்த நல்லதை எல்லாம் விட்டுட்டு இதை மட்டும் புடிச்சுக்கிட்டியா?"

"நல்லது எதுன்னு யாருண்ணா சொன்னா?"

பஜ்ஜி ஆறிப்போய் எண்ணெய் வழிந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.

செப்டம்பர் 20, சனி

பிளம்பர் ஒருவழியாக வந்தார். தண்ணீரை உறிஞ்சுகிற குழாயின் அடி வால்வில் அடைப்பாம். மோட்டாரைக் குற்றம் சொல்லி இரண்டு மாதம் திட்டியிருக்கிறேன்.

என் ஒலிப்பதிவாளர் லாரன்ஸ், அழிக்கச் சொன்ன எதையும் அழிக்கிறவர் இல்லை. பதினோரு வருட ட்ராக்குகளும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. பகல் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். எனக்கு விருது வாங்கிக் கொடுத்த பாட்டு, கல்யாண வீடுகளில் இன்றும் போடுகிற பாட்டு, எல்லாவற்றுக்கும் ஹெப்சி பாடியதையும் பெரிய பாடகிகள் பாடியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன்.

என்ன கேட்டது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இந்த நாட்குறிப்பு கோர்ட்டுக்குப் போகக்கூடும்.

வசுமதி காபி கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பாட்டு ஒன்று முடிந்ததும், "இது யாருங்க, இவ்வளவு நல்லா பாடறாங்க?" என்றாள். சொன்னேன். "இத ஏன் மாத்தினீங்க?" என்றாள். அவமானமாக இருந்தது. இதை மட்டும் எழுதிவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

கையெழுத்துப் போட்டேன். இரண்டு நோட்டீஸும் வாபஸ். இரண்டு பாட்டிலும் ஹெப்சிபாவின் பெயர் சேரும். தாமோதரன் படத்தில் ஒரு தனிப்பாட்டு அவளுக்கு. இது முழுக்க முழுக்க என் யோசனை. ரெஹானாவும் வசுமதியும் தனித்தனியாகச் சொல்லியிருக்கலாம். அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே நான் நினைத்துவிட்டேன்.

தாமோதரன், "புதுக் குரலா? யாருக்குத் தெரியும் அந்தப் பேரை?" என்று இழுத்தார். "ஊர்ல எல்லாருக்கும் அந்தக் குரல் தெரியும், பேருதான் தெரியாது" என்றேன். முன்னே சொன்ன வசனத்தைவிட இது நன்றாக இருந்தது. பாட்டு அவளுக்கு இல்லையென்றால் படம் எனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 8, புதன்

தாமோதரன் சரி என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பிரகதீஷ் அதிரசத்தோடு வந்தான். மூன்று வருடமாக வராதவன். "ண்ணா, இப்போ ட்ராக்குக்கும் நேரம் குடுக்கறேன், உக்கார நாற்காலி போட்டிருக்கேன்" என்றான். நான் போன வாரமே போட்டுவிட்டேன் என்றேன். அவன் கிளம்பியதும் லாரன்ஸுக்குப் போன் செய்து நாற்காலி வாங்கச் சொன்னேன்.

நவம்பர் 3, திங்கள்

ஒலிப்பதிவு. ஹெப்சி காலையிலேயே வந்துவிட்டாள். முதல் வரியையே ஏழெட்டு முறை பாடினாள். எனக்கு முதல் முறையே போதும் என்று தோன்றியது. அவளுக்குத் தோன்றவில்லை. "சார், இன்னொண்ணு போலாமா" என்று அவள்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் வெந்நீர் கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து பாடியதைப் போட்டுக் கேட்டாள். 'வாசல்' என்ற சொல்லை அவளுக்குப் பிடிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பப் பாடினாள். மதியம் வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன்குழம்பை லாரன்ஸுக்கும் கொடுத்தாள். எனக்குப் பொறுமை போய், வந்து, மறுபடி போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் இந்த மெட்டில் ஒரு இடத்தை அவளுக்காகவே வைத்திருந்தேன். நீளமான வரி, மெல்ல இறங்கி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நெஞ்சைக் காலியாக்குகிற மாதிரி. அங்கே அவள் விக்குவாள், ஊர் மறுபடி விக்கும், இந்த முறை அவள் பெயரோடு. யாரும் சண்டைக்கு வர முடியாது.

அந்த வரி வந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவள் நேராகப் பாடிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வெட்டு இல்லை, ஒரு தடுக்கல் இல்லை. கடைசி எழுத்து வரைக்கும் குரல் நிறைந்து நின்றது.

மைக் பட்டனை அழுத்தி, "ஹெப்சி, அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னாடி ஒரு மூச்சு வாங்கலாமேம்மா" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வேண்டாம் சார். இன்னிக்கு மூச்சு நிறைய இருக்கு."

லாரன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரிக்குப் போகலாம் என்றேன்.